அமெரிக்கக் கல்லூரியில் ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி: சேருவதற்கு முன் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் மாதம் வந்தால், அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களில் விடுதி, பாடத்தேர்வு, சாப்பாடு என்ற வழக்கமான கவலைகளோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. "கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட சங்கத்தில் சேரப்போகிறேன்" என்று மகனோ மகளோ சொல்லும்போது, அது நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாமல் பெற்றோர் திகைக்கிறார்கள். பொதுப்படையாக நல்லது, கெட்டது என்று பதில் சொல்வது இயலாது என்பதே என் கருத்து. ஒரே சங்கத்தின் ஒரு கிளை படிப்பிலும் தொண்டிலும் சிறந்து விளங்க, அடுத்த ஊரிலுள்ள கிளை குடிப்பழக்கத்துக்கும் கொடுமைக்கும் பெயர்பெற்றிருக்கலாம். ஆகவே கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும், குறிப்பிட்ட ஒரு கல்லூரியில் உள்ள குறிப்பிட்ட ஒரு கிளையை எப்படி எடைபோடுவது என்பதைச் சுற்றியே அமைந்துள்ளன.

ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டி என்பவை உண்மையில் என்ன?

ஃபிராட்டர்னிட்டி என்பது பெரும்பாலும் ஆண் மாணவர்களின் சங்கம். சொராரிட்டி பெண் மாணவிகளின் சங்கம். இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளே பெயராக இருக்கும். தேசியத் தலைமையகம் ஒன்றும், பல பல்கலைக்கழகங்களில் கிளைகளும் இருக்கும். கிளையை 'சாப்டர்' என்று அழைப்பார்கள். உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள், வாரந்தோறும் கூடுகிறார்கள், நன்கொடை திரட்டுகிறார்கள், விருந்து நடத்துகிறார்கள். பல இடங்களில் ஒரே வீட்டில் சேர்ந்து தங்குகிறார்கள். உறுப்பினர் தகுதி பட்டம் பெற்றதோடு முடிவதில்லை, வாழ்நாள் முழுவதும் தொடரும்.

இதன் வேர் பழையது. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா, கிரேக்க எழுத்துப் பெயர், இரகசியச் சின்னம், உறுதிமொழி என்ற அச்சை முதலில் வார்த்தது. பிற்காலத்தில் அது சமூகச் சங்கமாக இல்லாமல், சிறந்த மாணவர்களுக்கான மதிப்புச் சங்கமாக மாறிவிட்டது. இன்றைய பாணியிலான ஃபிராட்டர்னிட்டிகள் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825இல் தொடங்கின. பெண்களைச் சேர்க்க அவை மறுத்ததால், பெண்கள் தங்களுக்கான சங்கங்களைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள்: இன்று பை பீட்டா ஃபை என்று அறியப்படும் அமைப்பு 1867இலும், கப்பா ஆல்ஃபா தீட்டா 1870இலும் உருவாயின. கல்வியில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து சமூக ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டிகளுக்கு 1974இல் விலக்கு அளிக்கப்பட்டது. அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்களில்கூட ஒருபால் சங்கங்கள் இன்றும் இயங்க முடிவது அந்த விலக்கினால்தான்.

எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவைதானா?

இல்லை. சேரும் முறை, செலவு, நேரம், ஆபத்து ஆகிய நான்கும் வகைக்கு வகை மாறும் என்பதால், பிள்ளை "கிரேக்கச் சங்கம்" என்று சொன்னவுடன் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது எந்த வகை என்பதுதான்.

திரைப்படங்களில் காணும் பெரிய வீடு, விருந்து, ஆகஸ்ட் மாதத் தேர்வு என்பதெல்லாம் சமூகச் சங்கங்களைச் சேர்ந்தவை. அவற்றில் பெண்களுக்கான 26 அமைப்புகள் 1902இல் தோன்றிய நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பின் கீழ் இயங்குகின்றன. ஆண்களின் சங்கங்களைப் பல்கலைக்கழக அளவில் இன்டர்ஃபிராட்டர்னிட்டி கவுன்சில் என்ற மாணவர் மன்றம் ஒழுங்குபடுத்துகிறது.

கறுப்பின மாணவர்களின் வரலாற்றோடு பிறந்த ஒன்பது அமைப்புகள் தனி மரபைச் சேர்ந்தவை. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவும், 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் தொடங்கின. மார்ட்டின் லூதர் கிங் முதலாவதன் உறுப்பினர். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் இரண்டாவதன் உறுப்பினர். வெள்ளையர் சங்கங்களின் கதவு அடைபட்டிருந்த காலத்தில், படிக்க வந்த ஊரில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவே இவை எழுந்தன. பட்டம் பெற்ற பிறகும் உறுப்பினர்கள் ஊர்ச்சங்கம்போல் தொடர்ந்து செயல்படுவது இவற்றின் தனிச்சிறப்பு.

தொழில்முறைச் சங்கங்கள் வேறு. வணிகம் படிப்போருக்கு ஆல்ஃபா கப்பா சை, டெல்டா சிக்மா பை. பொறியியலுக்குத் தீட்டா டௌ. மருத்துவம் நாடுவோருக்கு ஃபை டெல்டா எப்சிலான் என்று இருக்கின்றன. இவற்றில் ஆண் பெண் இருபாலரும் சேரலாம். தொண்டையே நோக்கமாகக் கொண்ட ஆல்ஃபா ஃபை ஒமேகாவும் இருபாலருக்கும் உரியதே. பொறியியலில் டௌ பீட்டா பை போன்ற மதிப்புச் சங்கங்கள் மதிப்பெண்ணைப் பார்த்து அழைப்பவை. அவற்றைப் பற்றி யாரும் தூக்கம் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இந்திய, தெற்காசிய மாணவர்களுக்கென்று சங்கங்கள் உண்டா?

உண்டு. குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள் பெருமளவில் கல்லூரிக்குள் நுழைந்த 1990களில்தான் இவற்றில் பெரும்பாலானவை தோன்றின. 1992இல் பெர்க்லியில் டெல்டா ஃபை பீட்டா, 1994இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் ஐயோட்டா நியூ டெல்டா, 1998இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்களுக்கு டெல்டா எப்சிலான் சை, அதே ஆண்டில் அதே இடத்தில் பெண்களுக்குக் கப்பா ஃபை காமா, 1999இல் லாஸ் ஏஞ்சலஸில் பீட்டா கை தீட்டா என்று வரிசையாக எழுந்தன. இவை அளவில் சிறியவை. பெரும்பாலும் சொந்த வீடு இருக்காது. சந்தாவும் குறைவாக இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நம்மவர்கள் நடத்துவதுதானே, பயமில்லை" என்று பல பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆசிய அமெரிக்க மாணவர்களின் சங்கமான பை டெல்டா சையில் 2013 டிசம்பரில் நடந்தது அந்த எண்ணத்தைத் தகர்க்கிறது. நியூயார்க்கின் பரூக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர், பென்சில்வேனியாவின் போகனோ மலைப்பகுதியில் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்புறத்தில், கண் கட்டப்பட்டு, முதுகில் கனமான பை சுமந்து, இருட்டில் நடக்க வைக்கப்பட்டார்; மூத்தவர்கள் மாறி மாறி மோதித் தள்ளியதில் தலையில் அடிபட்டு இறந்தார். இன ஒதுக்கலின் வலியை உணர்த்துவதாகச் சொல்லித்தான் அந்தச் சடங்கையே வைத்திருந்தார்கள். அந்தச் சங்கம் பென்சில்வேனியாவில் பத்தாண்டுகள் இயங்கக்கூடாது என்று 2018இல் நீதிமன்றம் தடை விதித்தது.

பெரிய சொராரிட்டிகள் நம் பிள்ளைகளை இனம் பார்த்து ஒதுக்குமா?

எழுத்தில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் பழக்கம் எழுத்தைவிட மெதுவாகவே மாறும். 2013இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் இதழான கிரிம்சன் ஒயிட், தகுதியுள்ள கறுப்பின மாணவிகளை வெள்ளையர் சொராரிட்டிகள் திருப்பி அனுப்பியதை வெளிப்படுத்தியது. சில இடங்களில் இளம் உறுப்பினர்கள் சேர்க்க விரும்பியும் முன்னாள் உறுப்பினர்கள் தலையிட்டுத் தடுத்தார்கள் என்பது அப்போது வெளிவந்தது. அதன்பின் பல்கலைக்கழகம் சேர்க்கையை மீண்டும் திறக்க வைத்தது. முன்னாள் உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம், தாயோ அக்காவோ உறுப்பினராக இருந்தால் முன்னுரிமை போன்ற வழக்கங்களும் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத் தடையாக இருந்தன. 2020க்குப் பிறகு பல தேசிய அமைப்புகள் அவற்றைக் கைவிட்டுவிட்டன. கிளையின் புகைப்படங்களையும் இப்போதைய உறுப்பினர்களையும் பார்த்தாலே உங்கள் மகள் அங்கே எத்தனையாவது ஆளாக இருப்பாள் என்பது தெரிந்துவிடும். அது அவளுக்குப் பொருட்டா இல்லையா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

எம்.எஸ். படிக்க எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் சேரலாமா?

சமூகச் சங்கங்கள் இளநிலை மாணவர்களுக்கானவை. முதுநிலை மாணவருக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை, பயனும் இல்லை. தொழில்முறைச் சங்கங்களில் சில முதுநிலையினரையும் சேர்க்கின்றன. இளநிலை படிக்கும் அயல்நாட்டு மாணவர் சேருவதற்கு விசாவில் தடை ஏதும் கிடையாது. ஆனால் கிளையில் பொறுப்பு வகிப்பதற்கு ஈடாக வாடகைக் கழிவோ ஊதியமோ தருவதாகச் சொன்னால், ஒப்புக்கொள்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அது வேலையாகக் கணக்கிடப்படக்கூடும்.

சொராரிட்டிச் சேர்க்கை எப்படி நடக்கிறது?

பெரிய தென்மாநிலப் பல்கலைக்கழகங்களில் வகுப்பு தொடங்கும் முன்பே, ஆகஸ்டின் கொளுத்தும் வெயிலில், ஒரு வாரத்துக்கு மேல் இது நடக்கும். 'ரஷ்' என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். அலபாமாவில் மட்டும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவிகள் பங்கேற்கிறார்கள். வேறு பல கல்லூரிகளில் முதல் பருவ மதிப்பெண் வந்த பிறகு, ஜனவரியில் வைத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் இரண்டாவது முறையே மேல்: விடுதி அறைத்தோழியின் பெயர்கூட மனதில் பதியாத நிலையில் நான்காண்டுக்கான நட்பு வட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை.

முன்பதிவு செய்து கட்டணம் கட்டியதும் மாணவிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வழிகாட்டியாக ஒரு மூத்த மாணவியை அமர்த்துவார்கள். நடுநிலை காக்க அவர் அந்த வாரம் தன் சொந்தச் சங்கத்திலிருந்து விலகி நிற்பார். முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் செல்ல வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் கைதட்டிப் பாடி வரவேற்பார்கள். ஒருத்தி வந்து உங்களை அழைத்துச் சென்று ஊர், பாடம், பொழுதுபோக்கு என்று பேசுவாள். சில நிமிடங்களில் இன்னொருத்தி வந்து பேச்சை ஏற்றுக்கொள்ள, முதலாமவள் நகர்ந்துவிடுவாள். இப்படி ஒரே வீட்டில் மூன்று நான்கு பேர் உங்களோடு பேசி முடித்து, நீங்கள் வெளியேறிய பிறகு தங்கள் மதிப்பீட்டைப் பதிவு செய்வார்கள். நீங்களும் அன்றிரவு உங்களுக்குப் பிடித்த வீடுகளை வரிசைப்படுத்துவீர்கள். இரு தரப்பு விருப்பத்தையும் கணினி பொருத்திப் பார்த்து மறுநாளுக்கான பட்டியலைத் தரும். தொண்டுப் பணி பற்றிய சுற்று, உறுப்பினர் வாழ்க்கை பற்றிய சுற்று என்று நகர நகரப் பட்டியல் சுருங்கி, கடைசிச் சுற்றில் இரண்டு வீடுகளே மிஞ்சும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் அந்தக் கடைசிச் சுற்று முடிந்தவுடன் வருகிறது. எந்தெந்தச் சங்கங்களின் அழைப்பை ஏற்பேன் என்று வரிசைப்படுத்தி, அங்கேயே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதில் நீங்கள் குறிப்பிட்ட சங்கம் ஒன்று உங்களை அழைத்து, நீங்கள் மனம் மாறி மறுத்தால், அந்தக் கல்லூரியில் அடுத்த ஆண்டின் முதன்மைச் சேர்க்கை வரை நேஷனல் பான்ஹெலெனிக் கூட்டமைப்பின் வேறு எந்தச் சொராரிட்டியிலும் சேர முடியாது. ஆகையால் மனமில்லாத வீட்டின் பெயரை "இருக்கட்டுமே" என்று இரண்டாவதாக எழுதாதீர்கள். ஒன்றை மட்டும் எழுத உங்களுக்கு உரிமை உண்டு; அது கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதலாம். களைத்துப்போன நேரத்தில் வழிகாட்டி அவசரப்படுத்தினாலும், வெளியே போய்ப் பத்து நிமிடம் யோசித்து வந்து கையெழுத்திடுவதில் தவறில்லை.

அழைப்பு வழங்கும் நாளை 'பிட் டே' என்கிறார்கள். அலபாமாவில் கால்பந்து அரங்கில் எல்லோரும் அமர்ந்து ஒரே நேரத்தில் உறையைப் பிரித்துவிட்டு, அலறிக்கொண்டு தங்கள் புதிய வீட்டை நோக்கி ஓடுவதைச் சமூக ஊடகங்களில் பார்த்திருப்பீர்கள். யாரிடமிருந்தும் அழைப்பே வராமல் அறையில் அமர்ந்திருக்கும் மாணவிகளும் அந்த நாளில் உண்டு. அவர்களை எந்த ஒளிப்படக்கருவியும் காட்டுவதில்லை. அன்று மாலை வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருவது பெரிய ஆறுதல்.

ஆண்களின் சங்கங்களிலும் இதே முறைதானா?

இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ இறைச்சி சுடும் விருந்து, கூடைப்பந்து, காணொளி விளையாட்டு என்று கூடுவார்கள். பிடித்தவருக்கு அழைப்பு அட்டை தருவார்கள். கணினிப் பொருத்தம் கிடையாது. நட்பாகத் தோன்றும் இந்தத் தளர்வில் ஒரு சிக்கல் இருக்கிறது: அதிகாரப்பூர்வமான நிகழ்ச்சி எது, அல்லாதது எது என்ற கோடு மங்கிவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல், முகவரி மட்டும் குறுஞ்செய்தியில் வரும் "சும்மா ஒரு சந்திப்பு" பல்கலைக்கழகத்தின் அட்டவணையில் இருக்காது.

கறுப்பின மரபுச் சங்கங்களில் நடைமுறை முற்றிலும் வேறு. முதலாண்டில் சேர முடியாது; குறிப்பிட்ட அளவு பாடங்களை முடித்து, மதிப்பெண் சராசரியும் தொண்டுப் பதிவும் காட்டி, தகவல் கூட்டத்துக்குச் சென்று, பரிந்துரைக் கடிதங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். ஆர்வத்தைப் பறைசாற்றாமல் அடக்கமாக இருப்பது அங்கே எதிர்பார்க்கப்படுகிறது. தெற்காசியச் சங்கங்களில் பல, புது உறுப்பினரைப் பொதுவெளியில் அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி போன்ற வழக்கங்களை இந்த மரபிலிருந்தே எடுத்துக்கொண்டன.

எவ்வளவு செலவாகும்?

வீடில்லாத சிறிய சங்கத்தில் ஒரு பருவத்துக்குச் சில நூறு டாலர்களோடு முடியலாம். தென்மாநிலங்களின் பெரிய சொராரிட்டிகளில், வீட்டில் தங்காத உறுப்பினருக்கே பருவத்துக்குச் சில ஆயிரம் டாலர்கள் ஆகும். முதலாண்டுதான் மிகவும் கடிக்கும். புது உறுப்பினர் கட்டணம், சடங்குக் கட்டணம், சட்டையில் குத்தும் சின்னம், கட்டட நிதி, காப்பீடு ஆகிய எல்லாம் அப்போதுதான் ஒன்றாக வந்து விழும்.

"சந்தா எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். கட்டாயமாக எத்தனை ஆண்டு வீட்டில் தங்க வேண்டும், தங்காதவரும் சாப்பாட்டுக்குக் கட்ட வேண்டுமா, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எவ்வளவு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அச்சிடும் டி-சட்டைக்கு யார் பணம் தருவது, விருந்துக்கு உடையும் பேருந்தும் தனியா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அதோடு, மூத்த உறுப்பினர் தான் பொறுப்பேற்ற புதியவருக்குப் பரிசுக் கூடை தரும் வழக்கத்தையும் மறக்காதீர்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத செலவு அது. தவணை முறை உண்டா, கிளையின் உதவித்தொகை உண்டா என்று கேட்பதில் கூச்சமே தேவையில்லை, எல்லாக் குடும்பங்களும் கேட்கிற கேள்விதான்.

படிப்பு கெடுமா? வேலை கிடைக்க உதவும் என்கிறார்களே?

யூனியன் கல்லூரிப் பொருளியலாளர்கள் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களை ஆராய்ந்து, ஃபிராட்டர்னிட்டியில் சேர்ந்தவர்களின் மதிப்பெண் சராசரி ஏறத்தாழ 0.25 புள்ளி குறைந்ததாகவும், பிற்கால வருமானம் ஏறத்தாழ 36 விழுக்காடு உயர்ந்ததாகவும் கண்டார்கள். ஒரே ஒரு கல்லூரியின் ஆண்களைப் பற்றிய ஆய்வு என்பதால் எல்லாருக்கும் இதைப் பொருத்திவிட முடியாது. என்றாலும் இரண்டு திசைகளும் நம்பத்தக்கவையாகவே இருக்கின்றன: நேரம் போகிறது, அறிமுகம் வளர்கிறது.

மருத்துவப் படிப்பை நாடும் மாணவருக்கு அந்தக் கால் புள்ளி மிகப் பெரியது. விற்பனை, நிதி, சட்டம் ஆகிய துறைகளுக்குப் போகிறவருக்கு முன்னாள் உறுப்பினர்களின் அறிமுகம் உண்மையாகவே கதவைத் திறக்கும். மென்பொருள் நிறுவன நேர்காணலில் கிரேக்க எழுத்துகள் பெரிதாக எடுபடுவதில்லை. எந்தத் துறையாக இருந்தாலும், அழைப்பை ஏற்றதற்கும் உறுதிமொழிச் சடங்குக்கும் இடையே புது உறுப்பினராக இருக்கும் ஆறு முதல் பத்து வாரங்கள்தான் படிப்புக்கு மிக நெருக்கடியானவை. கரிம வேதியியல் பாடத்தையும் அந்த வாரங்களையும் ஒரே பருவத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் கிளைவாரியாக மதிப்பெண் சராசரியை வெளியிடுகின்றன. கல்லூரியின் பொதுச் சராசரியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹேசிங் என்பது என்ன? அது இன்னும் நடக்கிறதா?

சங்கத்தில் சேர்த்துக்கொள்வதற்கு விலையாகப் புதியவரை இழிவுபடுத்துவது, துன்புறுத்துவது, ஆபத்தில் தள்ளுவது ஆகியவையே ஹேசிங். தடை செய்யப்பட்டிருந்தும் நடக்கிறது. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில், அழைப்பை ஏற்ற அன்றிரவே, இரண்டாமாண்டு மாணவர் டிமத்தி பியாட்சா குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறி மது அருந்த வைக்கப்பட்டு, நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். வீட்டிலிருந்த கண்காணிப்புக் கருவிகளில் எல்லாம் பதிவாகியிருந்தது: அவரைச் சோபாவில் கிடத்தியது, அவர் எழ முயன்று மீண்டும் மீண்டும் விழுந்தது, சுற்றியிருந்தவர்கள் கடந்து போனது. ஏறத்தாழ 12 மணி நேரம் யாரும் அவசர ஊர்தியை அழைக்கவில்லை. அவர் பெயரிலான மாநிலச் சட்டம் 2018இல் வந்தது. உயிரிழப்புக்கோ பலத்த காயத்துக்கோ இட்டுச்செல்லும் ஹேசிங் அதன்படி கடுங்குற்றமாகும்.

உயிரைப் பறிக்கும் நிகழ்ச்சிகள்தான் செய்தியாகின்றன. அன்றாடம் நடப்பது சிறியதாகத் தொடங்கும். தூங்க விடாமை, கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளுதல், நள்ளிரவில் மூத்தவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லுதல், அவர்கள் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வைத்தல், சங்க வரலாற்றை ஒப்பிக்கத் தவறினால் உடற்பயிற்சித் தண்டனை, மற்ற நண்பர்களிடமிருந்து பிரித்தல் என்பவை எல்லாம் ஹேசிங்தான். ஒரு சோதனை எளியது: "இதை வீட்டிலோ பேராசிரியரிடமோ சொல்லாதே" என்று எதைப் பற்றிச் சொல்கிறார்களோ, அதைச் செய்ய வேண்டியதில்லை. சடங்கின் சொற்கள் இரகசியமாக இருக்கலாம். அந்த இரவு எங்கே இருந்தாய் என்பது இரகசியமாக இருக்கக்கூடாது.

நம் ஊர் ராகிங்கும் இதுவும் ஒன்றுதானே?

கொடுமையில் ஒன்றுதான், அமைப்பில் இல்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், அதையடுத்து 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்ததும் பெற்றோர் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். இலங்கையிலும் 1998இல் பகிடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. ராகிங்கில் மூத்த மாணவர் எந்தப் புதியவரையும் பிடித்து வதைக்கிறார். தப்பிக்கவே எல்லாரும் நினைப்பார்கள். ஹேசிங்கில் புதியவர் தானாக விரும்பி வந்தவர்; வெளியேறினால் கிடைக்கவிருந்த நட்பையே இழக்க வேண்டும் என்பதால் பொறுத்துக்கொள்கிறார். "எழுந்து வந்துவிட வேண்டியதுதானே" என்று கேட்கும் பெற்றோர் இந்தப் பிடியின் வலிமையை அறிவதில்லை. சட்டம் அறிந்திருக்கிறது: பல மாநிலங்களில், மாணவர் சம்மதித்தார் என்பது குற்றவாளிக்குத் தற்காப்பு ஆகாது.

ஒரு கிளையின் நடத்தையை முன்கூட்டியே எப்படி அறிவது?

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இதை முன்பைவிட எளிதாக்கியிருக்கிறது. அதன்படி, ஹேசிங் விதிகளை மீறியதாக உறுதியான மாணவர் அமைப்புகளின் பெயர், நடந்ததன் சுருக்கம், விதித்த தண்டனை ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'ஹேசிங் வெளிப்படைத்தன்மை அறிக்கை' என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். பட்டியலில் பெயர் இல்லாததாலேயே கிளை தூயது என்று ஆகிவிடாது. பெயர் இருந்தால், அதுவும் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை இருந்தால், வேறு இடம் பாருங்கள்.

"தடை நீங்கி இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறோம்" என்று சொல்லும் கிளையிடம், எதற்காகத் தடை வந்தது என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை இழந்து, அதே எழுத்துகளோடு வளாகத்துக்கு வெளியே இயங்கும் கிளைகளும் உண்டு. அங்கே மேற்பார்வையே இல்லை என்பதால் அவற்றை முற்றாகத் தவிர்க்க வேண்டும். இன்னொரு வழி, கிளையை விட்டு விலகிய ஒருவரைத் தேடிப் பேசுவது. உறுப்பினர்கள் பத்துப் பேர் சொல்வதைவிட அவர் சொல்லும் பத்து நிமிடம் அதிகம் தெரிவிக்கும்.

மது அருந்தாமல் அங்கே இருக்க முடியுமா?

முடியும், ஆனால் கிளையைப் பொறுத்தது. 1984ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் விளைவாக மது வாங்கும் வயது எல்லா மாநிலங்களிலும் 21. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். ஃபிராட்டர்னிட்டிகளின் தேசியக் கூட்டமைப்பு, 15 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களை 2019 செப்டம்பர் முதல் கிளை வீடுகளில் கட்டுப்படுத்தியது. பெரிய சொராரிட்டிகளின் வீடுகளில் மதுவுக்கே இடமில்லை. கேட்க நன்றாக இருக்கும் இந்த விதிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: விருந்துகள் எல்லாம் ஆண்களின் வீடுகளில் நடக்கின்றன. கதவு, பானம், இருட்டு, வீடு திரும்பும் கார் என்று எல்லாமே ஆண்களின் கையில் இருக்க, பெண்கள் விருந்தாளிகளாக மட்டுமே செல்கிறார்கள். மகளிடம் "குடிக்காதே" என்று சொல்வதோடு நிறுத்தாமல், திரும்பி வரும் வழியைத் தன் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எஃப்-1 மாணவருக்குக் கூடுதல் எச்சரிக்கை: குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே, விசா ரத்தாகக்கூடும். நினைவிழந்து கிடப்பவருக்கு உதவி கேட்டு அவசர எண்ணான 911ஐ அழைப்பவரைச் சிறுவயதுக் குடிக்காகத் தண்டிக்காமல் காக்கும் விதி பல மாநிலங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. அழைக்கத் தயங்க வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? மதச் சடங்கு இருக்குமா?

சமையல்காரர் வைத்திருக்கும் வீடுகளில் கேட்டால் சைவம் கிடைக்கும், ஆனால் அது பாஸ்தாவும் சாலடுமாக அலுத்துப்போகும். பழைய சங்கங்கள் சிலவற்றின் உறுதிமொழிச் சடங்கில் கிறித்துவச் சாயல் உண்டு. மதம் மாறச் சொல்வதில்லை. உறுத்தலாக இருந்தால் சடங்கு நாளுக்கு முன்பே கேட்டுத் தெளிவு பெறலாம்.

எல்லாக் கல்லூரிகளிலும் இவை இருக்கின்றனவா?

இல்லை. வில்லியம்ஸ் கல்லூரி 1962இல் தொடங்கி இவற்றை ஒழித்தது. கோல்பி 1984இலும், பௌடின் 1997இலும் அதே முடிவை எடுத்தன. இருக்கும் இடங்களிலும் சில கல்லூரிகளில் மாணவர் வாழ்க்கையே இவற்றைச் சுற்றி ஓடும். வேறு சிலவற்றில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சேராவிட்டால் தனிமைப்பட்டுவிடுவோமா என்ற அச்சத்துக்கு விடை அந்த விகிதத்தில் இருக்கிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை சேர உங்கள் கையெழுத்து தேவையில்லை. மதிப்பெண்ணைக்கூடக் கல்லூரி உங்களிடம் சொல்லாது. 21 வயதுக்கு உட்பட்டவரின் மது விதிமீறலைப் பெற்றோருக்குத் தெரிவிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே உங்கள் கையில் இருப்பது பணமும் பேச்சும் மட்டுமே. "வேண்டாம் என்றால் வேண்டாம்" என்று தடை போட்ட வீடுகளில், பிள்ளைகள் சொல்லாமல் சேர்ந்து, சிக்கல் வந்தபோதும் சொல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு வரை கட்டுவோம் என்ற தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். புது உறுப்பினராக இருக்கும் வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முகம் பார்த்துப் பேசுங்கள். குரலில் தெரியாத களைப்பு முகத்தில் தெரியும். ஹேசிங் என்ற ஐயம் வந்தால், பெயர் சொல்லாமலே புகார் செய்யத் தேசிய எண் ஒன்று இருக்கிறது: 1-888-668-4293. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 911.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் விலக முடியுமா?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் எப்போது விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். பெரிய சொராரிட்டிகளில், உறுதிமொழி ஏற்கும் சடங்குக்கு முன் விலகினால், ஓராண்டுக் காத்திருப்புக்குப் பிறகு வேறொன்றில் முயலலாம். சடங்கு முடிந்துவிட்டால், நேஷனல் பான்ஹெலெனிக் கூட்டமைப்பின் வேறு சொராரிட்டியில் ஒருபோதும் சேர முடியாது. எனவே ஐயம் இருந்தால் சடங்கு நாளுக்கு முன்பே முடிவெடுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்பதற்காகத் தொடராதீர்கள். விலகலை எழுத்தில், கிளைத் தலைவருக்கும் தேசியத் தலைமையகத்துக்கும் மின்னஞ்சலாக அனுப்பி, படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் சந்தா பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

வீட்டில் தங்க ஒப்புக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் தனி ஒப்பந்தம். உறுப்பினர் தகுதி போனாலும் வாடகைப் பொறுப்பு போகாது. கல்வியாண்டின் நடுவில் விலகுகிறவர் மே மாதம் வரைக்கும் கட்ட நேரிடலாம். மாற்றாக ஒருவரைக் கண்டுபிடித்துத் தந்தால் விடுவிக்கும் கிளைகளும் உண்டு. அந்த வசதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கையெழுத்திடும் முன்பே பார்த்துவிட வேண்டும்.